தலைக்கொரு பெயர்

1

இந்தக் கதை ஒரு மின்விசிறியிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செஞ்சிக்கும் தொண்டூருக்கும் நடுவில் இருக்கிற ஒரு மாதா கோவிலில் அது தொங்குகிறது. மூன்று இறக்கைகளிலும் சிவப்பு எனாமலில் எழுத்து. முதல் இறக்கையில் அன்பளிப்புச் செய்தவர் பெயர், இரண்டாவதில் அவர் மனைவி பெயர், மூன்றாவதில் ‘மற்றும் குடும்பத்தார்’. விசிறி ஓடினால் பெயரைப் படிக்க முடியாது. அதனால் திருவிழா அன்று மட்டும் அதை நிறுத்தி வைத்துவிடுவார்கள். மே மாதத்தில் ஐந்நூறு பேர் வியர்வையில் நனைந்து ஜெபிக்க, ஒரு குடும்பம் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். பெயர் ஆசை பிடித்த ஜனங்களைக் கிண்டலடித்து ஒரு கதை எழுதிவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அந்தச் சிரிப்பு இந்தக் கதையின் ஏழாம் பகுதியில் என் தொண்டையில் சிக்கும். அதுவரை தாராளமாகச் சிரித்துக்கொண்டு வாருங்கள்.

கோவிலின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன்.

2

தொடக்கங்கள்:

‘செஞ்சிக் கோட்டையின் பின்னால் சூரியன் செம்பொன்னாக இறங்கிக்கொண்டிரு—’

வேண்டாம். செஞ்சி என்று எழுதியவுடன் கோட்டையைத் தூக்கிக்கொண்டு வருவது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்று படம் எடுத்துக்கொள்கிறவன் செய்கிற வேலை.

‘நான்கு குதிரைகள் வானத்தைக் கிழித்துக்கொண்டு—’

இதுவும் வேண்டாம். இந்தக் கதை ஓர் ஓவியத்தைப் பற்றியது. பைபிளின் கடைசிப் புத்தகத்தில் உலகம் முடிகிற காட்சி வருகிறதே, அதைத்தான் கலைவாணி நீர்வண்ணத்தில் வரைந்தாள். அதில் நான்கு குதிரைகள் உண்டு. ஆனால் செஞ்சிக் கதையில் குதிரையின் வால் நுனி தெரிந்தாலே வாசகர்கள் தேசிங்கு ராஜாவைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே நான்கையும் கட்டிப்போட்டுவிட்டேன்.

‘கலைவாணிக்கு அப்போது பதினோரு வயது.’

இது நிற்கிறது. இதை வைத்துக்கொள்வோம்.

3

கலைவாணிக்கு அப்போது பதினோரு வயது. அவள் அம்மா ராஜம்மாள் சிங்கவரத்திலிருந்து தினமும் நடந்து வந்து, அந்தக் கோவிலின் மணிக்கூண்டு வேலையில் சித்தாளாகக் கல்லும் கலவையும் சுமந்தாள். மூன்றாவது நிலைக்குச் சாரம் கட்டியிருந்தபோது ஒரு சவுக்குக் கழி முறிந்தது. ராஜம்மாள் தலையில் இருந்த சட்டியோடு கீழே விழுந்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

வேலை நிற்கவில்லை. மணிக்கூண்டு எழுந்தது, மணி ஏறியது, அடியில் சலவைக்கல் பதித்தார்கள். கல்லில் ஆயரின் பெயர் இருந்தது. பங்குச் சாமியாரின் பெயர், இன்ஜினியர் பெயர், கட்டிய காண்ட்ராக்டர் சின்னப்பனின் பெயர், நன்கொடை தந்தவர்களின் பெயர்கள் எல்லாம் இருந்தன. மணியை வார்த்த பட்டறையின் பெயர்கூட ஓரத்தில் இருந்தது.

பதினோரு வயதுப் பெண் அந்தக் கல்லை மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தாள். பிறகு மணிக்கூண்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தாள். பின்பக்கம் வெறும் சுவர்தான் இருந்தது.

[இங்கே அரைப் பக்கத்துக்கு நான் அழுது வைத்திருந்தேன். ‘பிஞ்சு நெஞ்சம்’ என்றெல்லாம் வந்திருந்தது. வெட்கமாக இருந்ததால் அடித்துவிட்டேன். அந்தச் சுவர் போதும்.]

4

இப்போது கலைவாணிக்கு நாற்பத்தாறு வயது. அரசுப் பள்ளியில் பகுதி நேர ஓவிய ஆசிரியை. கோவிலுக்கு நூற்றாண்டு விழா வந்தது. விழாக் கமிட்டிக்காரர்கள் வாசலில் நாற்பது அடி ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும் என்றார்கள். பங்குச் சாமியார் கிறிஸ்டோபர் உள்ளே ஒரு படம் வேண்டும் என்றார். பள்ளிக் கண்காட்சியில் கலைவாணியின் நீர்வண்ணப் படங்களைப் பார்த்திருந்தவர் நேராக அவளிடமே போய், கடைசிப் புத்தகத்தை வரைந்து தர முடியுமா என்று கேட்டு, கையில் ஒரு பைபிளையும் கொடுத்தார்.

கலைவாணி அந்தக் கடைசிப் புத்தகத்தைப் பென்சிலும் கையுமாக நான்கு முறை படித்தாள். கடந்த பத்து வருஷத்தில் அந்தக் கோவிலைச் சேர்ந்த பங்கில் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்த ஒரே ஆள், அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ் ஏறுகிற கலைவாணிதான் என்று நான் அடித்துச் சொல்வேன். ரத்தமும் சாம்பலும் பல தலைகளும் அவளைப் பயமுறுத்தவில்லை. அங்காளம்மனைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதெல்லாம் பழகிய சங்கதி.

எட்டுத் தாள்களை ஒட்டி வரைந்தாள். மேலே சூரியனை உடுத்திய பெண். அவள் காலடியில் நிலா. இடது பக்கம் நான் கட்டிப்போட்ட குதிரைகள். கீழே கடல். கலைவாணி கடலை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள் என்பதால் அது ஏரியைப் போலத்தான் வந்தது. கரையில் இருந்த பாறைகளும் நம் ஊர்ப் பாறைகளாகவே உட்கார்ந்துவிட்டன. அந்தக் கடலிலிருந்து ஏழு தலை மிருகம் ஏறி வந்தது. அதன் தலைகளில் பெயர்கள் இருந்தன என்று புத்தகத்தில் இருக்கிறது. கடவுளைப் பழிக்கிற பெயர்கள். என்ன பெயர்கள் என்று இல்லை. அதனால் ஏழு நெற்றியிலும் ஏழு பட்டைகளை வரைந்து வெறுமையாக விட்டுவைத்தாள்.

இந்தப் பட்டைகளை மறக்காதீர்கள்.

வலது பக்கம் அரியணை. அதன் முன்னால் திறந்த புத்தகம், கடைசி நாளில் பார்க்கப்போகிற வாழ்வின் புத்தகம். அந்தப் புத்தகத்தின் பொன்மஞ்சள் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரே ஒரு பெயர் வெள்ளையாக இருந்தது. ராஜம்மாள்.*

* இதைக் கலைவாணி எனக்குச் சொன்னபடியே தருகிறேன்: “நீர்வண்ணத்துல வெள்ளைன்னு தனியா கெடையாது சார். தாளோட வெள்ளைதான். எங்க வேணுமோ அங்க கலர் படாம பாத்துக்கணும். நான் கோவில்ல எரிஞ்சி மிச்சம் கெடந்த மெழுகுவத்தித் துண்டால மொதல்ல பேரை எழுதிட்டேன். எழுதனப்ப ஒண்ணுமே தெரியல. அது மேல மஞ்சளை ஓட்டனதும் அம்மா பேரு வந்துச்சி. மெழுகு மேல தண்ணி நிக்காது இல்ல?” 

5

விழாவுக்குப் பத்து நாள் முன்பு கமிட்டித் தலைவர் ஆரோக்கியநாதன் படத்தைப் பார்க்க வந்தார். மத்தியான நேரம், கோவிலை ஒட்டிய ஹால். காண்ட்ராக்டர் சின்னப்பனின் மகன் அவர். வயது அறுபத்து மூன்று. அந்த மின்விசிறியும் அவருடையதுதான். கலைவாணி தாளின் ஓரங்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கிறிஸ்டோபர் சாமி ஜன்னலருகே நின்றிருந்தார்.

ஆரோக்கியநாதன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடமிருந்து வலமாக நடந்து பார்த்தார். சந்தையில் மாடு வாங்க வந்தவர் பல்லைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு உருவத்துக்கும் குனிந்தார்.

“நல்லாத்தான் இருக்குது டீச்சர். ஃப்ளெக்ஸ் மாதிரி பளிச்சுன்னு இல்ல. சரி, போவட்டும். இது இன்னா புக்கு?”

“வாழ்வின் புத்தகம்ங்க. கடைசி நாள்ல தொறந்து பாப்பாங்களாம். அதுல பேரு இருக்கறவங்கதான் உள்ள போவ முடியும்.”

“அதுல இன்னா எழுதியிருக்குது? ரா... ராஜம்மாள். யாரு இது?”

“இந்த மணிக்கூண்டுக்குக் கல்லு சொமந்தவங்க.”

“கல்லு நூறு பேரு சொமந்திருப்பாங்கம்மா. கட்டுனது எங்க நைனா. இதை எடுத்துட்டு சின்னப்பன்னு போட்டுடுங்க.”

“அவுரு பேரு கல்லுலயே இருக்குதுங்களே.”

“கல்லுல இருந்தா இன்னா? மோட்சத்துல இருக்க வேணாமா?”

6

இங்கே நிறுத்துகிறேன். ஆரோக்கியநாதனை நீங்கள் நம்புகிறீர்களா? எனக்கே சந்தேகமாக இருந்தது. இவ்வளவு வசதியாக ஒரு முட்டாள் கதைக்குள் நடந்து வந்தால் எழுத்தாளன் தன் பேனாவை முகர்ந்து பார்க்க வேண்டும். அதனால் அவரைக் கொஞ்சம் நல்லவராக்கலாம் என்று விசாரித்தேன். விசாரித்ததில் கிடைத்தது இது. ராஜம்மாள் விழுந்த அன்று அவளைத் தூக்கித் தன் டெம்போவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர் அப்போது இளைஞராக இருந்த ஆரோக்கியநாதன்தான். சட்டையெல்லாம் ரத்தம். மூன்று நாளும் போய்ப் பார்த்தார். அது பொய்யில்லை.

நானே அவரைக் கேட்டேன். உடனே நினைவு வந்தது அவருக்கு. “ஆமாமா, ஒரு பொம்பள சாரத்துலேர்ந்து வுழுந்துச்சி. நாந்தான் தூக்கிட்டுப் போனேன். பாவம்.” டெம்போவின் நம்பர்கூடச் சொன்னார். அவள் பெயர் என்ன என்று கேட்டேன். “பேரா? அது யாருக்குத் தெரியும்?” என்றார்.

தன் கையால் தூக்கிப் போனவளின் பெயரைக் கேட்கத் தோன்றாத ஒருவர், தன் அப்பா பெயரை மோட்சத்தில் எழுதச் சொல்கிறார். இதை நான் கற்பனை செய்திருந்தால் கொஞ்சம் அடக்கி வாசித்திருப்பேன்.

5 (மீண்டும்)

கலைவாணி தூரிகையை அடர்ந்த பழுப்பில் தோய்த்து, அவர் கண் முன்னாலேயே அம்மாவின் பெயர் மேல் ஓர் இழுப்பு இழுத்தாள். நிறம் சுற்றிலும் தாளில் இறங்கியது. எழுத்தின் மேல் மட்டும் முத்து முத்தாகத் திரண்டு வழுக்கிப் போனது. பக்கம் இருண்டதால் பெயர் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

“இன்னொரு வாட்டி அடிங்க.”

அடித்தாள். பக்கம் இன்னும் இருண்டது. பெயர் இன்னும் வெளுத்தது.

“இன்னா இது, ஒட்டமாட்டேங்குது?”

“ஒட்டாதுங்க.”

“அந்தப் பேரு மேல மட்டுமா?”

“அந்தப் பேரு மேல மட்டுந்தாங்க.”

ஆரோக்கியநாதன் ஓரடி பின்வாங்கி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். மெழுகுவத்தியைப் பற்றிக் கலைவாணி சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் அவர் கிளம்பவும் இல்லை. பயம் போனதும் பெயர் ஆசை திரும்ப வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பெயிண்டு கடையில் எனாமல் கிடைக்கும். எனாமல் மெழுகைப் பார்த்துப் பயப்படாது. அவள் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, கடலிலிருந்து ஏறி வருகிற மிருகத்தின் நடுத்தலையைக் காட்டினாள்.

“நைனா பேருக்கு நல்ல எடம் ஒண்ணு இங்க இருக்குதுங்க.”

அவர் குனிந்தார். நெற்றியில் வெறும் பட்டை. பெயர் எழுதுவதற்கென்றே அளவெடுத்து விட்டதுபோல இருந்தது. இந்தக் கோவிலில் ஒரு வெற்றிடம் இருந்தால் அது நன்கொடையாளருக்கு உரியது என்பது அவருக்கு ஞானஸ்நானத்தோடு வந்த நம்பிக்கை.

“இது இன்னா, சிங்கமா?”

“வாய் சிங்கம், ஒடம்பு சிறுத்தை, காலு கரடிங்க.”

“நல்லதா, கெட்டதா?”

கலைவாணி சற்று யோசித்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது என்று எழுதத்தான் எனக்கு ஆசை. வரும். அன்று தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

“உலகமே இது பின்னால போயி இதைக் கும்புடும்னு எழுதியிருக்குதுங்க. இதோட யாரால சண்டை போட முடியும்னு ஜனங்க பேசுவாங்களாம். பதிமூணாம் அதிகாரம். சாமியக் கேளுங்க.”

ஆரோக்கியநாதன் ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்த அதிகாரம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பூசையில் வாசிக்கப்படுவதில்லை என்பது கிறிஸ்டோபர் சாமிக்குத் தெரியும். மே மாதம் தனக்கு மாற்றல் என்பதும் தெரியும்.

“அப்படித்தான் எழுதியிருக்குது” என்றார் சாமி. 

“உலகமே கும்புடுதா? அப்ப பெருசா போடுங்க. பேருக்கு முன்னால காண்ட்ராக்டர்னு சேத்துக்குங்க.”

7

நடுத்தலையில் ‘காண்ட்ராக்டர் சின்னப்பன்’ ஏறிய செய்தி அன்று மாலைக்குள் ஊரைச் சுற்றிவிட்டது. தலைவர் பிடித்த இடம் என்றால் அது நல்ல இடமாகத்தான் இருக்கும். மறுநாளே கமிட்டிக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். சூரியப் பெண்ணின் காலடியை யாரும் கேட்கவில்லை. தேவதூதர்களின் இறக்கையை ஒருவருக்கு ஒதுக்கியபோது, “எங்களை மட்டும் ஓரமா தள்றீங்களா?” என்று கோபித்துக்கொண்டார். எல்லோருக்கும் தலைதான் வேண்டும். வெரோனிகா என்கிற கமிட்டிப் பொருளாளர், தன் தலை அடுத்த தலையைவிடச் சின்னதாக இருக்கிறது என்று அளந்து பார்த்துச் சண்டைக்கு வந்தார். கலைவாணி அந்த அம்மாளுக்காக ஒரு கொம்பைக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தாள்.

இப்படி ஐந்து தலைகள் போயின. ஆறாவது தலையில் இருப்பது ஓர் எழுத்தாளரின் பெயர்.

ஆமாம், என்னுடையதுதான்.

விழா மலரில் இந்தப் படத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். போனேன், பார்த்தேன். எத்தனையோ பெயர்கள் இருக்கிற இடத்தில் இதைப் பற்றி எழுதப்போகிறவனின் பெயர் இல்லாமல் இருப்பதா என்று தோன்றியது. இடது ஓரத்தில் ஒரு சின்னத் தலை காலியாக இருந்தது. அடக்கமான தலை. “எனக்கும் ஒன்று” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன், விளையாட்டுக்குக் கேட்பதுபோல.

“படிச்சிட்டுத்தான் கேக்கறீங்களா சார்?” என்றாள் கலைவாணி.

“நான் படிக்காததா?” என்றேன்.

அந்தக் கடைசிப் புத்தகத்தை முதல் பக்கத்தோடு மூடி வைத்திருந்தேன். கட்டுரை எழுத உட்கார்ந்தபோதுதான் பதின்மூன்றாம் அதிகாரத்தின் முதல் வரி என் கண்ணில் பட்டது. மறுநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். “அழிச்சிடலாம் இல்ல? ஈரத்துணியால தொட்டாப் போயிடும்னு நீங்களே சொன்னீங்களே” என்றேன்.

“இருக்கட்டும் சார். கண்ணாடி போட்டாச்சி” என்றாள்.

மின்விசிறிக் குடும்பத்தைப் பற்றி முதல் பகுதியில் நான் எழுதியதை வேண்டுமானால் இப்போது திரும்பப் போய்ப் படியுங்கள். அந்தக் கிண்டலை நான் அடிக்கவில்லை, விட்டுவைத்திருக்கிறேன். யாரைப் பார்த்து என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

8

முடிவுகள்:

(அ) ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, ஆறு பெயர்களும் கரைந்தோடி, ராஜம்மாள் மட்டும் நின்றாள். அழகாக இருக்கிறது. அதனால்தான் சந்தேகம். கதை முடியவில்லை என்றால் மழையைக் கூப்பிடுவது எங்கள் இனத்தின் பழைய சோம்பேறித்தனம். கோவில் கூரைக்குப் போன வருஷம்தான் தளம் போட்டார்கள். அந்தத் தளத்திலும் பெயர் இருக்கிறது.

(ஆ) பெயர் மேல் நிறம் ஒட்டவில்லை என்பதை ஆரோக்கியநாதன் வெளியே சொல்ல, ஊர் அதை மாதா செய்த புதுமை, அற்புதம் என்று கொண்டாடி, வேன் வேனாக ஜனங்கள் வந்து, ராஜம்மாள் பெயரில் மெழுகுவத்திக் கடை— போதும். நிறுத்திவிடுகிறேன். இது நடக்கக்கூடியது என்பதுதான் பயமாக இருக்கிறது.

(இ) ஆரோக்கியநாதன் உண்மை தெரிந்து மனம் திருந்தி, கலைவாணியின் கையைப் பிடித்துக்கொண்டு—

மன்னியுங்கள். இந்த வரியை என் கை எழுத மறுக்கிறது.

9

உண்மையான சிக்கலை இதுவரை மறைத்து வைத்திருந்தேன். இந்தக் கதை அச்சானால் ஆரோக்கியநாதனுக்குத் தெரிந்துவிடும். தன் அப்பாவின் பெயர் எதன் நெற்றியில் இருக்கிறது என்பது தெரியும். நிறம் ஒட்டாததற்குக் காரணம் வெறும் மெழுகு என்பதும் தெரியும். கண்ணாடியைக் கழற்ற ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். அவருக்கு வருகிற கோபத்தில் முதலில் போகப்போவது நடுத்தலை இல்லை, புத்தகத்தில் இருக்கிற அந்த ஒரு பெயர்தான். கல் விட்டுவிட்ட பெயரைத் தாள் காப்பாற்றிக் கொடுத்தது. அதை என் கதை காட்டிக்கொடுக்கப் போகிறது.

பெயரை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மற்றவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் செய்திருக்கிறேன். ஆரோக்கியநாதன், ஆரோக்கியநாதன் இல்லை. சின்னப்பன், சின்னப்பன் இல்லை. ராஜம்மாளையும் வேறு யாரோ ஆக்கிவிட்டால் கொஞ்சமாவது பாதுகாப்பு. இதைச் சொல்லிக் கேட்க, ஒரு சனிக்கிழமை கலைவாணியின் வீட்டுக்குப் போனேன். கைப்பிரதியை நின்றபடியே படித்தாள். நான் அவளைப் பற்றி எழுதியிருந்த எதையும் திருத்தவில்லை.

“எம் பேரை மாத்திக்குங்க. எங்கம்மா பேரை மாத்தாதீங்க.”

“தெரிஞ்சா எனாமலோட வந்துடுவாரு.”

“வரட்டும் சார். பேரை மாத்திட்டு எழுதனா அந்தக் கல்லுக்கும் உங்களுக்கும் இன்னா வித்தியாசம்?” கைப்பிரதியை என் கையில் கொடுத்தாள். “அதுக்கு முன்னால நாலு பேரு போயி அதைப் படிச்சிட்டா எனக்குப் போதும்.”

ஆகவே இந்தக் கதையில் மாற்றப்படாத பெயர் ஒன்றே ஒன்றுதான்.

எனக்கு இருக்கிற ஒரே நம்பிக்கை, ஆரோக்கியநாதன் கதை படிக்கிறவர் இல்லை என்பது. தமிழில் எழுதுவதில் இந்த ஒரு பாதுகாப்பு எப்போதும் உண்டு. ஆனால் படிக்காதவர்களுக்கு என்றே ஊரில் நாலு பேர் இருப்பார்கள். ‘அண்ணே, ஒங்க படத்தைப் பத்தி கதை வந்திருக்குது’ என்று பக்கத்தை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். எனவே முடிவை நான் எழுதவில்லை. அது இப்போது உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிறது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பேர் போட்ட மிருகப் படம் எந்தக் கோவிலில் இருக்கிறது என்று கேளுங்கள். யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள். உள்ளே போனால் வலது பக்கச் சுவர். ஏழாவது தலையின் பட்டை இன்னும் காலியாக இருக்கிறது. அதில் உங்கள் பெயர் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு நொடி தோன்றும், எனக்குத் தோன்றியதுபோல. அங்கே நிற்காமல் தாண்டி வாருங்கள். அரியணைக்குக் கீழே, இருண்ட பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளையாக இருப்பதை ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள்.

ஆரோக்கியநாதன் வீடு கோவிலுக்கு எதிர்ச்சாரியில், இரண்டு நிமிட நடை. நீங்கள் எங்கிருந்து வர வேண்டும் என்று எனக்குத் தெரியாது. இதை மடித்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.